நெய்மார் போன பிறகு: பார்சிலோனாவின் கடன், சம்பளம், வீரர் வணிகம்

2017 ஆகஸ்ட் 3 அன்று பிரேசில் வீரர் நெய்மாரின் வழக்கறிஞர்கள் ஸ்பெயினின் பார்சிலோனா கால்பந்து கிளப்பின் அலுவலகத்துக்கு நேரில் போய் 22.2 கோடி யூரோ செலுத்தினார்கள். அவருடைய ஒப்பந்தத்தில் எழுதியிருந்த விடுவிப்புத் தொகை அது. அந்தத் தொகையைக் கட்டிவிட்டால் வீரரைத் தடுத்து நிறுத்த கிளப்புக்கு வழியில்லை. பணத்தின் பின்னால் இருந்தது அவரை வாங்கிய பிரெஞ்சு கிளப், பாரிஸ் செயின்ட் ஜெர்மைன். அதுவரை உலகிலேயே அதிக விலை, 2016இல் பால் போக்பாவுக்காக மான்செஸ்டர் யுனைடெட் கொடுத்த 10.5 கோடி யூரோ. அது ஒரே நாளில் இரண்டு மடங்கைத் தாண்டியது.

ஏறக்குறைய நான்கு வருடம் கழித்து, 2021 ஆகஸ்ட் 5 அன்று, அதே கிளப் லியோனல் மெஸ்ஸியை வைத்துக்கொள்ள முடியவில்லை என்று அறிவித்தது. அவர் இருக்க விரும்பினார். கிளப்பும் அவரை விரும்பியது. சம்பளத்தில் பாதியைக் குறைத்துக்கொள்ளவும் சம்மதித்திருந்தார். ஆனாலும் அவரைப் பதிவு செய்ய விதி இடம் தரவில்லை.

இந்த இரண்டு தேதிகளுக்கு நடுவே நடந்ததும், அதைச் சரிசெய்ய இன்றுவரை நடப்பதும்தான் இந்த ஆய்வு. ஐரோப்பாவில் பணமில்லாமல் நொடித்துப்போன கிளப்புகள் நிறைய உண்டு. பார்சிலோனா அந்த வகை இல்லை. 2018-19 பருவத்தில் சுமார் 84 கோடி யூரோ வருமானத்துடன் டெலாய்ட் நிறுவனத்தின் உலகப் பட்டியலில் முதலிடம் பிடித்த கிளப் அது. அடுத்த பருவத்துக்கு 100 கோடி யூரோவுக்கு மேல் பட்ஜெட் போட்டது. அப்படிப்பட்ட இடத்தில் சம்பளம் கொடுக்கக் காசில்லாமல் போனது எப்படி என்பதுதான் கேள்வி.

கொரோனாவைக் காரணம் சொல்வது எளிது. மைதானமும் அருங்காட்சியகமும் கடைகளும் மூடியதில் அடி விழுந்தது உண்மைதான். ஆனால் கிளப்பை முடக்கிய ஒப்பந்தங்களில் பெரும்பாலானவை அதற்கு முன்பே கையெழுத்தாகிவிட்டன.

முதலாளி இல்லாத கிளப்

ஒரு விஷயத்தை முதலில் சொல்லியாக வேண்டும். ஸ்பெயினில் 1990இல் வந்த விளையாட்டுச் சட்டம் தொழில்முறை கிளப்புகளைப் பங்கு நிறுவனங்களாக மாறச் சொன்னது. ரியல் மாட்ரிட், அத்லெடிக் பில்பாவ், ஓசாசுனா, பார்சிலோனா ஆகிய நான்கு மட்டும் உறுப்பினர்களின் சொத்தாகவே தொடர்ந்தன. பார்சிலோனாவுக்கு 1,40,000 பேர் அளவில் உறுப்பினர்கள். தலைவரை அவர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

எனக்கு இந்த அமைப்பு மிகவும் பிடிக்கும். எண்ணெய்ப் பணமோ அமெரிக்க முதலீட்டு நிறுவனமோ ஒரு ஊரின் அணியை வாங்கிவிட முடியாது. ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. பற்றாக்குறை வந்தால் தன் பையிலிருந்து பணம் போட ஒரு முதலாளி கிடையாது, விற்கப் பங்குகளும் கிடையாது. கடன் வாங்கலாம், இருப்பதை விற்கலாம், அல்லது நாளை வரப்போகும் வருமானத்தை இன்றே விற்கலாம். அவ்வளவுதான். அப்புறம், தேர்தலில் ஜெயிக்க வேண்டிய தலைவருக்கு, ‘இந்த வருடம் யாரையும் வாங்கவில்லை’ என்று உறுப்பினர்களிடம் சொல்வது கடினமான காரியம்.

34.5 கோடிக்கு மூன்று பேர்

நெய்மார் போனதும் கிளப்பின் கையில் பெரும் பணம் இருப்பது ஐரோப்பா முழுக்கத் தெரிந்திருந்தது. விற்பவர்கள் அதற்கேற்பவே விலை சொன்னார்கள். அதே ஆகஸ்டில் பொருசியா டார்ட்முண்டிடமிருந்து உஸ்மான் டெம்பேலேவை 10.5 கோடிக்கு வாங்கினார்கள். ஆட்டத்தைப் பொறுத்து மேலும் 4 கோடிவரை தர வேண்டியிருக்கும். 2018 ஜனவரியில் லிவர்பூலிடமிருந்து பிலிப் கூட்டினியோ, 12 கோடி. அதற்கும் மேலே 4 கோடி. 2019 கோடையில் அத்லெடிகோ மாட்ரிட்டின் ஆன்டுவான் கிரீஸ்மன், 12 கோடி. அடிப்படை விலை மட்டும் மூவருக்கும் 34.5 கோடி.

இந்தப் பணம் கணக்குப் புத்தகத்தில் எப்படி ஏறுகிறது என்று பார்த்தால்தான் பின்னால் வருவது புரியும். 12 கோடிக்கு வாங்கிய வீரரை 12 கோடி செலவு என்று அந்த வருடமே எழுத மாட்டார்கள். ஐந்து வருட ஒப்பந்தம் என்றால் வருடத்துக்கு 2.4 கோடி என்று பிரித்து எழுதுவார்கள். வீரர் ஒரு சொத்து, அதன் மதிப்பு வருடாவருடம் தேய்கிறது என்பது கணக்கு. கிரீஸ்மனுக்கு 2.4 கோடி, ஐந்து வருட ஒப்பந்தத்தில் வந்த டெம்பேலேவுக்கு 2.1 கோடி, ஐந்தரை வருட ஒப்பந்தத்தில் வந்த கூட்டினியோவுக்கு ஏறக்குறைய 2.2 கோடி. ஆக, சம்பளத்தைச் சேர்க்காமலே இந்த மூவருக்காக மட்டும் ஒவ்வொரு வருடமும் சுமார் 6.7 கோடி யூரோ செலவாக ஏறும். வாங்கியவர் காயத்தில் படுத்திருந்தாலும், வேறு அணிக்குத் தற்காலிகமாக, கடனாகப் போயிருந்தாலும் அது நிற்காது.

விற்கும்போது நடப்பது நேர் எதிர். விற்ற விலையிலிருந்து மிச்சமிருக்கும் புத்தக மதிப்பைக் கழித்தால் வருவது முழுக்க அந்த ஒரே வருடத்தின் லாபம். அதாவது வாங்கும் செலவு பல வருடங்களுக்குப் பரவும், விற்கும் லாபம் உடனே வந்துவிடும். ஒவ்வொரு வருடமும் வாங்கி விற்றுக்கொண்டே இருக்கச் சொல்லித் தூண்டுகிற கணக்கு இது.

விலையைவிட ஆபத்தானது சம்பளம் என்பது என் கருத்து. புதிதாக வந்தவருக்கு இவ்வளவு என்றால் ஏற்கெனவே இருப்பவர்கள் அதற்கு ஈடாகக் கேட்பார்கள், கேட்பது நியாயமும்கூட. எல்லாவற்றுக்கும் உச்சத்தில் மெஸ்ஸியின் ஒப்பந்தம். 2017இல் போட்ட அந்த ஒப்பந்தத்தை 2021 ஜனவரி இறுதியில் எல் முண்டோ நாளிதழ் வெளியிட்டது: எல்லா நிபந்தனைகளும் நிறைவேறினால் நான்கு பருவங்களுக்கு 55 கோடி யூரோவுக்கு மேல். மெஸ்ஸி கிளப்புக்குச் சம்பாதித்துக் கொடுத்ததை வைத்து அந்தத் தொகையை நியாயப்படுத்தலாம். அவருக்குக் கீழே இருந்த பத்துப் பதினைந்து பேரின் ஒப்பந்தங்களுக்கு அப்படி வாதாட முடியாது. அவர்களை வேறு கிளப்புக்கு விற்கவும் முடியவில்லை. பார்சிலோனா கொடுத்த சம்பளத்தைக் கொடுக்க வேறு கிளப்புகள் தயாராக இல்லை. வீரர் தன் ஒப்பந்தம் முடியும்வரை உட்கார்ந்திருந்தால் அதில் தப்பு சொல்லவும் முடியாது, கையெழுத்துப் போட்டது கிளப்தான்.

அந்த மூவரின் முடிவையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கூட்டினியோ 2022இல் ஆஸ்டன் வில்லாவுக்குப் போனார், 2 கோடி. டெம்பேலே 2023இல் பாரிஸுக்குப் போனார், 5 கோடி; அங்கே போய் 2025இல் உலகின் சிறந்த வீரருக்கான பலோன் தோர் விருதை வென்றார். கிரீஸ்மன் விவகாரம் இன்னும் வினோதமானது. 2021இல் அவரைப் பழைய அணியான அத்லெடிகோவுக்கே கடனாகக் கொடுத்தார்கள். குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் ஆட்டங்களில் 45 நிமிடமாவது ஆடினால் அத்லெடிகோ அவரை 4 கோடிக்குக் கட்டாயம் வாங்க வேண்டும் என்பது நிபந்தனை. 2022-23 பருவம் தொடங்கியபோது அத்லெடிகோ அவரை ஒவ்வொரு ஆட்டத்திலும் 60 நிமிடம் கடந்த பிறகே இறக்கியது. அந்த நிபந்தனையில் சிக்காமல் இருக்கத்தான். உலகக்கோப்பை வென்ற ஒரு வீரர், ஒரு ஒப்பந்த வாக்கியத்துக்காக வாராவாரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கடைசியில் சுமார் 2 கோடிக்குப் பேசி முடித்தார்கள்.

ஜூன் 30க்கு முன்

ஸ்பெயின் கிளப்புகளின் நிதியாண்டு ஜூன் 30 அன்று முடிகிறது. அந்தத் தேதிக்குள் லாபம் காட்ட வேண்டிய நெருக்கடியில் பிறந்தவை சில பரிமாற்றங்கள். 2019இல் வாலென்சியாவுடன் கோல்கீப்பர்கள் மாறினார்கள்: சிலெசென் அங்கே, நெட்டோ இங்கே. இரண்டுமே விற்பனை என்றே கணக்கில் எழுதப்பட்டன.

2020 ஜூனில் நடந்தது அதைவிடப் பெரியது. 23 வயது ஆர்தரை இத்தாலியின் ஜுவென்டஸ் 7.2 கோடிக்கு வாங்கியது; 30 வயது மிராலெம் பியானிச்சை பார்சிலோனா 6 கோடிக்கு வாங்கியது. கை மாறிய உண்மையான பணம் வித்தியாசமான 1.2 கோடி அளவுதான். ஆனால் இரண்டு கிளப்புகளும் அந்த வருடமே பெரிய லாபம் எழுதிக்கொள்ள முடிந்தது. ஆர்தர் விருப்பமில்லாமல்தான் போனார் என்று அப்போது செய்திகள் வந்தன. பியானிச் பார்சிலோனாவில் ஒரே பருவம் ஆடினார், அதுவும் பெரும்பாலும் மாற்று வீரராக. வீரர் விற்பனை லாபங்களைக் கணக்கில் காட்டிய முறைக்காக ஜுவென்டஸ் 2022-23 பருவத்தில் 10 புள்ளிகளை இழந்தது. அந்தத் தண்டனை இந்த ஒரு பரிமாற்றத்துக்காக மட்டும் வந்ததில்லை என்றாலும், இத்தாலியில் இந்தப் பழக்கம் எவ்வளவு தூரம் போயிருந்தது என்பதை அது காட்டியது.

இளம் வீரரைக் கொடுத்து வயதானவரை வாங்கி, அந்த வருடப் புத்தகத்தை மட்டும் அழகாக்கிக்கொள்வதை நான் திறமையான நிர்வாகம் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆட்டத்தில் நஷ்டம், அடுத்த நான்கு வருடப் புத்தகத்திலும் நஷ்டம்.

2020

மார்ச்சில் மைதானங்கள் மூடின. 2019-20 பருவத்தை கிளப் 9.7 கோடி நஷ்டத்தில் முடித்தது. நிகரக் கடன் ஒரே வருடத்தில் 21.7 கோடியிலிருந்து 48.8 கோடியாக ஏறியது. ஆகஸ்ட் 14 அன்று லிஸ்பனில் ஜெர்மனியின் பயர்ன் மியூனிக் பார்சிலோனாவை 8-2 என்று வென்றது. அந்த எட்டில் இரண்டு கோல் அடித்தவர் கூட்டினியோ. 12 கோடி கொடுத்து வாங்கிய கிளப், அவரைப் பயர்னுக்கே கடனாக அனுப்பியிருந்தது.

பதினோரு நாள் கழித்து மெஸ்ஸி போகிறேன் என்று கடிதம் அனுப்பினார். 70 கோடி யூரோ விடுவிப்புத் தொகையைக் காட்டி கிளப் நிறுத்திவைத்தது. அக்டோபர் 20 அன்று பிக்கே, டெர் ஸ்டேகன், டி யோங், லாங்லே ஆகிய நால்வரின் ஒப்பந்தங்களை நீட்டித்தார்கள். இப்போதைக்குக் குறைவான சம்பளம், தள்ளிவைத்த பாக்கி பின் வருடங்களில் என்பது ஏற்பாடு. ஒரு வாரம் கழித்து, 27ஆம் தேதி, தலைவர் ஜோசப் மரியா பார்த்தொமேயு பதவி விலகினார். அந்தப் பின் வருடங்கள் அடுத்து வந்தவர் தலையில் விழுந்தன.

அடுத்து வந்தவர் ஜோவான் லபோர்த்தா. 2021 மார்ச் 7 அன்று வென்றார். அடுத்த மாதமே பன்னிரண்டு பெரிய கிளப்புகள் சேர்ந்து தங்களுக்கென்று அறிவித்த தனிப் போட்டியான சூப்பர் லீக்கில் பார்சிலோனாவும் இருந்தது. அந்தத் திட்டம் இரண்டே நாளில் சரிந்தது. ஆகஸ்ட் 16 அன்று லபோர்த்தா கணக்கைத் திறந்து காட்டினார்: மொத்தக் கடன் 135 கோடி யூரோ, சம்பளச் செலவு வருமானத்தில் 103 சதவீதம். பதவிக்கு வந்ததும் சம்பளம் போடவே 8 கோடி அவசரக் கடன் வாங்க வேண்டியிருந்தது என்றார். 2020-21 பருவத்தின் நஷ்டம் 48.1 கோடி.

மெஸ்ஸியைத் தடுத்த விதி

இங்கிலாந்தில் 2025-26 பருவம்வரையான விதிப்படி, கிளப்புகளின் கணக்கை மூன்று வருடம் சேர்த்து, செலவு செய்த பிறகு பார்த்தார்கள். தப்பு இருந்தால் புள்ளி குறைப்பு. எவர்ட்டனுக்கு 2023 நவம்பரில் 10 புள்ளி குறைத்து, மேல்முறையீட்டில் 6 ஆக்கினார்கள். ஸ்பெயினின் முதல்நிலை லீக்கான லா லிகா 2013 முதல் வேறு வழியில் போகிறது. பருவம் தொடங்கும் முன்பே, எதிர்பார்க்கும் வருமானத்திலிருந்து மற்ற செலவுகளையும் கட்ட வேண்டிய கடனையும் கழித்து, மிச்சத்தை அணிக்கான வரம்பாக நிர்ணயிக்கிறது. வீரர், பயிற்சியாளர் சம்பளம், வாங்கிய விலையின் வருடாந்திரத் தேய்மானம் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் புதிய வீரரைப் பதிவு செய்ய முடியாது. ஏற்கெனவே வரம்பை மீறிய கிளப், தான் மிச்சம் பிடிக்கும் பணத்தில் ஒரு பகுதியை மட்டுமே புதிதாகச் செலவிடலாம்.

2019-20இல் பார்சிலோனாவின் வரம்பு 67.1 கோடி. 2021 செப்டம்பரில் 9.79 கோடி. 2022 மார்ச்சில் மைனஸ் 14.4 கோடி.

மெஸ்ஸியின் பழைய ஒப்பந்தம் 2021 ஜூன் 30 அன்று முடிந்துவிட்டதால், விதிப்படி அவர் புதிய வீரர். லபோர்த்தா சொன்ன கணக்கில், மெஸ்ஸி இருந்தால் சம்பளம் வருமானத்தில் 110 சதவீதம், இல்லாவிட்டாலும் 95. ஒரு கதவு மட்டும் திறந்திருந்தது. லா லிகா தன் வணிக வருமானத்தில் ஒரு பங்கை 50 வருடத்துக்குக் கொடுத்து, சிவிசி என்ற முதலீட்டு நிறுவனத்திடமிருந்து பணம் வாங்கிக் கிளப்புகளுக்குப் பிரிக்கத் திட்டம் போட்டது. ஒப்புக்கொண்டிருந்தால் மெஸ்ஸிக்கு இடம் கிடைத்திருக்கலாம். அரை நூற்றாண்டுக்குக் கிளப்பின் தொலைக்காட்சி உரிமையை அடகு வைக்க மாட்டேன் என்று லபோர்த்தா மறுத்தார். ஒரே ஒரு வீரருக்காக ஐம்பது வருடத்தைக் கொடுக்காதது சரியான முடிவு என்றே நினைக்கிறேன், அது மெஸ்ஸியாக இருந்தாலும். அதே கோடையில் டிபாய், எரிக் கார்சியா போன்றவர்களைப் பதிவு செய்யவே பிக்கே தன் சம்பளத்தைப் பெரிய அளவில் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது.

நாளைய பணம்

அதனால்தான் அடுத்த வருடம் நடந்தது உறுத்துகிறது. 2022 ஜூன் 30 அன்று, நிதியாண்டின் கடைசி நாளில், லா லிகா தொலைக்காட்சி வருமானத்தில் தன் பங்கின் 10 சதவீதத்தை 25 வருடத்துக்கு சிக்ஸ்த் ஸ்ட்ரீட் என்ற அமெரிக்க நிறுவனத்துக்கு 20.75 கோடிக்கு விற்றார்கள். ஜூலையில் இன்னொரு 15 சதவீதம். ஆகஸ்டில் பார்சா ஸ்டுடியோஸ் என்ற துணை நிறுவனத்தில் 24.5 சதவீதத்தை 10 கோடிக்கும், மறுபடி 24.5 சதவீதத்தை இன்னொரு 10 கோடிக்கும். கிளப் இவற்றை நெம்புகோல்கள் என்று அழைத்தது.

அந்தப் பணம் எங்கே போனது? கடன் அடைக்க மட்டும் போயிருந்தால் நான் குறை சொல்ல மாட்டேன். லெவான்டோவ்ஸ்கி 4.5 கோடி, குண்டே 5 கோடி, ரஃபீன்யா 5.8 கோடி. லெவான்டோவ்ஸ்கியையும் ரஃபீன்யாவையும் பதிவு செய்யவே கடைசி 24.5 சதவீதத்தை விற்க வேண்டியிருந்தது. முதல் லீக் போட்டிக்கு முந்தைய நாள்தான் பதிவு முடிந்தது. செப்டம்பரில் வரம்பு 65.6 கோடிக்குத் தாவியது. அந்தப் பருவத்தில் லீக் பட்டமும் வந்தது. விற்பனை தந்த ஒருமுறை லாபம் அடுத்த வருடம் இல்லை என்பதால் 2023-24இல் வரம்பு 27 கோடிக்கு இறங்கியது.

ஸ்டுடியோஸ் பங்கை வாங்கியவர்கள் ஒப்புக்கொண்ட பணத்தை முழுதாகக் கட்டவில்லை. 2023-24 கணக்கில் அந்த முதலீட்டின் மதிப்பில் சுமார் 14 கோடியைக் குறைத்து எழுத வேண்டியதாயிற்று. அந்த வருடம் 9.1 கோடி நஷ்டம். வராத பணத்தை லாபமாக எழுதி அதை நம்பி வீரர்களைப் பதிவு செய்ததுதான் இந்த முழு விவகாரத்திலும் எனக்கு மிகப் பெரிய தவறாகப் படுகிறது. ஒப்பந்தங்கள் பார்த்தொமேயு காலத்து மிச்சம் என்று சொல்லலாம். இதை அப்படிச் சொல்ல முடியாது.

2024இல் டானி ஓல்மோ வந்தபோது அதே நாடகம் இன்னும் நெருக்கடியாக நடந்தது. லைப்சிக்கிலிருந்து சுமார் 5.5 கோடிக்கு வாங்கியவரை, காயமடைந்த கிறிஸ்டன்சனின் சம்பள இடத்தை வைத்து டிசம்பர் 31 வரை மட்டும் பதிவு செய்தார்கள். அதற்குள் இடம் உண்டாக்க, இன்னும் கட்டி முடிக்காத மைதானத்தின் விஐபி இருக்கைகளைப் பல வருடங்களுக்கு 10 கோடிக்கு விற்றார்கள். தேவையானதை நேரத்துக்குள் காட்டவில்லை என்று லா லிகா பதிவை நீட்டிக்க மறுத்தது. ஜனவரி 8 அன்று அரசின் விளையாட்டு மன்றம் தற்காலிக உத்தரவு தந்த பிறகுதான் அவர் ஆட முடிந்தது. ஒரு வீரரின் பருவத்தை இப்படிப் பணயம் வைப்பது அவருக்குச் செய்யும் அநியாயம்.

ஐரோப்பியக் கால்பந்துக் கூட்டமைப்பான யூஇஎஃப்ஏ இந்த விற்பனைகளை லா லிகாவைப் போலப் பார்க்கவில்லை. எதிர்கால வருமானத்தை விற்று வந்த பணம் கால்பந்து வருமானம் ஆகாது என்பது அதன் நிலை. 2023இல் 5 லட்சம் யூரோ அபராதம் போட்டது. 2025 ஜூலையில் 1.5 கோடி, இலக்குகளை அடையாவிட்டால் 6 கோடிவரை. தன் மகளிர் அணியையும் ஹோட்டல்களையும் தன் குழுமத்துக்கே விற்றுக்கொண்ட செல்சிக்கும் அதே நேரத்தில் அபராதம் விழுந்தது. யூஇஎஃப்ஏவின் புதிய விதிப்படி அணிச் செலவு வருமானத்தில் 70 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

உறுப்பினர் கிளப் என்றாலே இப்படித்தான் முடியும் என்று சொல்பவர்களுக்குப் பயர்னைக் காட்டலாம். 75 சதவீதம் உறுப்பினர் சங்கத்தின் கையில், மிச்சம் அடிடாஸ், ஆவ்டி, அலியான்ஸ் மூவரிடம். அலியான்ஸ் அரீனாவுக்கு வாங்கிய கடனை 2014இலேயே, குறித்த காலத்துக்குப் பல வருடம் முன்பே கட்டி முடித்தார்கள்.

பார்சிலோனாவில் நல்ல செய்தியும் இருக்கிறது. சம்பளச் செலவு இறங்கியிருக்கிறது. லமீன் யமால், குபார்சி, காவி எல்லோரும் கிளப்பின் பயிற்சிப் பள்ளியில் வளர்ந்தவர்கள், வாங்க ஒரு யூரோவும் ஆகவில்லை. பெட்ரியின் அடிப்படை விலை 50 லட்சம். அவர்களை வைத்து 2024-25 லீக்கை வென்றார்கள். அந்தப் பருவத்தின் வருமானம் 99.4 கோடி, நஷ்டம் 1.7 கோடி. 2025 நவம்பர் 22 அன்று, பாதி கட்டிய நிலையிலேயே, தங்கள் மைதானமான காம்ப் நோவுக்குத் திரும்பி பில்பாவை 4-0 என்று வென்றார்கள்.

அந்த மைதானத்துக்காக 2023இல் வாங்கிய 145 கோடி யூரோ தனிக் கடன். வேலை முடிந்ததும் தவணை தொடங்கும், மைதானம் தரும் புதிய வருமானத்திலிருந்தே கட்டுவது திட்டம். விஐபி இருக்கைகளில் ஒரு பகுதி ஏற்கெனவே விற்றாகிவிட்டது. தொலைக்காட்சிப் பணத்தில் நான்கில் ஒரு பங்கு 2047 வரை சிக்ஸ்த் ஸ்ட்ரீட்டுக்குப் போகும். யமாலுக்கு அப்போது 40 வயது ஆகியிருக்கும். அதுவரை வரும் ஒவ்வொரு தலைவரும் வீரர்களின் சம்பளத்தைக் கணக்கிடும் முன்பே இந்தத் தொகைகளைக் கழித்தாக வேண்டும்.